ஒரு முகம் வெளுத்த ஜல்லி

மழை விட்ட மறுநாள் காலை, தெருமுனைப் பள்ளத்தைச் சுற்றிச் சிதறிக் கிடந்த ஜல்லிகளில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அரை இஞ்சு ஜல்லி. ஒரு முகத்தில் தார் கருகருவென்று படிந்திருந்தது. மறுமுகம் கழுவித் துடைத்ததுபோல் வெறும் கல். கல் உடையவில்லை, தாரும் நடுவே அறுந்துபோகவில்லை. இரண்டும் ஒட்டியிருந்த இடம்தான் விட்டுப்போயிருந்தது. அது எப்போது விடத் தொடங்கியது என்று தேடிப் போனால், கல் உடைபட்ட நாள்வரை போக வேண்டியிருக்கிறது.

சென்னை, செங்கல்பட்டு வட்டாரக் கருங்கல்லில் பெரும்பகுதி சார்னோக்கைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி முகவர் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இந்தக் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893-ல் சார்னாக்கின் பெயரையே அதற்குச் சூட்டினார். ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுள்ள பாறை. லாரிச் சக்கரங்களுக்கு அது அசராது. ஆனால் சிலிக்கா மிகுந்த கல் என்பதால் தண்ணீர்மீது அதற்குத் தீராத பிடிப்பு உண்டு. கிரஷரில் உடைந்த நொடியிலேயே புது முகத்தில் காற்றின் ஈரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன் மேல் கிரஷர் தூசியும் படிந்தால், தார் கல்லைத் தொடாமல் தூசியைத்தான் தொடும்.

நாம் தார் என்று சொன்னாலும், நிலக்கரியிலிருந்து எடுக்கும் உண்மையான தார் வேறு. சாலைக்கு வருவது பிட்டுமென்: மணலி போன்ற சுத்திகரிப்பு ஆலைகளில் பெட்ரோலும் டீசலும் பிரிந்து போனபின் அடியில் தங்குவது. ஹாட் மிக்ஸ் பிளான்ட்டில் கல்லும் தாரும் ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் சந்திக்கின்றன. கலவை எடையில் தார் 5 சதவீத அளவுதான். அது அத்தனை கற்கள்மீதும் பரவும்போது படலத்தின் கனம் 10 மைக்ரானை ஒட்டியே இருக்கும். அவ்வளவு மெல்லிய படலத்தை அவ்வளவு சூட்டில் காற்று தொட்டால், தார் பிறந்த இடத்திலேயே மூப்படையத் தொடங்கிவிடும். சோதனைக்கூடத்தில் இதைக் கண்டறிய, சுழலும் கண்ணாடிக் குப்பிகளில் தாரை ஊற்றி, 163 டிகிரியில் 85 நிமிடம் காற்றடித்து வாட்டுவார்கள்.

சின்ன வயதில் தெருவோரம் டிரம்மில் தார் காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறேன். காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு வேலை செய்தவர்களின் பாடு பெரும்பாடு. வெப்பமானி கிடையாது, விறகு தீரும்வரை எரியும். நீலப் புகை எழுந்தால் பார்க்க அழகாக இருக்கும். தார் கெடுகிறது என்பதன் அடையாளம் அது என்று பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன்.

சாலையில் படுத்தபின் மூப்பு மெதுவாக நடக்கிறது. கலவையின் இடுக்குகள் வழியே ஆக்சிஜன் உள்ளே போகிறது. ரோலர் சரியாக அழுத்தாத இடத்தில் இடுக்கு அதிகம், மூப்பும் விரைவு. தார் இறுகுகிறது, நெகிழ்வு குறைகிறது. கூடவே அதன் மூலக்கூறுகளில் ஆக்சிஜன் ஏறி, மின்முனைவு கொண்ட புதிய தொகுதிகள் உண்டாகின்றன. இவை கல்லின்மேல் ஆசையாகப் போய் ஒட்டும். அதனால் காய்ந்த நாளில் வயதான தாரின் பிடி பல நேரம் இளம் தாரைவிட உறுதியாகவே இருக்கும். கோடை முழுவதும் சாலை நன்றாக இருப்பதைப் பார்த்து நாமும் நம்பிவிடுகிறோம்.

ஐப்பசி மழையில்தான் உண்மை வெளிப்படுகிறது. கல்லை இறுகப் பற்றும் அந்தத் தொகுதிகளில் கார்பாக்சிலிக் அமிலம், சல்பாக்சைடு போன்றவற்றைத் தண்ணீர் எளிதாக விலக்கிவிடும். சிலிக்காவுக்குத் தாரைவிடத் தண்ணீரே நெருக்கம். இறுகிப்போன தாரில் விழுந்த நுண்ணிய வெடிப்புகள் அதற்கு வழிவிடுகின்றன. மேலே ஓடும் ஒவ்வொரு டயரும் தண்ணீரை உள்ளே அழுத்துகிறது, பின் உறிஞ்சுகிறது. இளம் தார் சூட்டில் சற்றே இளகி வெடிப்பை மூடிக்கொள்ளும். முதிய தாருக்கு அந்தச் சக்தி குறைவு. கல் ஒவ்வொன்றாகக் கழன்று வருகிறது.

நம் ஊரில் வழக்கமாகச் செய்யும் ஒட்டுச் சோதனையில், தார் பூசிய ஜல்லியை 40 டிகிரித் தண்ணீரில் 24 மணி நேரம் வைத்து, எத்தனை பங்கு உரிந்தது என்று கண்ணால் மதிப்பிடுகிறார்கள். பூசியது புதுத் தார். ஐந்து மழைக்காலம் கடந்த தாரை அது சோதிப்பதில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

வழிகள் இல்லாமல் இல்லை. கலவையில் ஒரு சதவீத அளவு நீற்றிய சுண்ணாம்பு சேர்த்தால், அது தாரின் அமிலங்களோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத உப்பாகிறது, மூப்பையும் தாமதப்படுத்துகிறது. மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் வேறொரு வழி கண்டார்: சூடான ஜல்லிமேல் பிளாஸ்டிக் துண்டுகளைத் தூவி உருக்கி, அந்தப் பூச்சின்மேல் தாரைச் சேர்த்தார். கல்லின் முகத்துக்குத் தண்ணீர் போவது குறைகிறது. சென்னை ஜம்புலிங்கம் தெருவில் 2002-லேயே அப்படிச் சாலை போட்டார்கள்.

நான் அந்த ஜல்லியைக் கையில் வைத்திருந்தபோதே ஒட்டுப்போடும் வேலைக்கு வண்டி வந்துவிட்டது. பள்ளத்தைச் சுற்றிக் கிடந்த கற்களைக் கூட்டித் தள்ளினார்கள். டிப்பரிலிருந்து ஆவி பறக்கும் கலவையை அள்ளிக் கொட்டி, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டி நிரவினார்கள். பள்ளத்தின் அடி இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.