மீன் பங்கும் மீன் காப்பும்: பராக்கிரம சமுத்திரத்து மீன்பிடி வரலாறு குறித்துச் சில அவதானிப்புகள்

திறவுச்சொற்கள்: பராக்கிரம சமுத்திரம், குளத்து மீன்பிடி, மஜிபக, மீன்பாட்டம், திலாப்பியா, அரச ஆதரவு நீக்கம்

1990ஆம் ஆண்டு, சனாதிபதி ரணசிங்க பிரேமதாசவின் ஆட்சியில், இலங்கை அரசு உள்நாட்டு நன்னீர் மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை முற்றாக விலக்கிக்கொண்டது. குளங்களில் உயிர்க்கொலைக்கு அரசு துணைபோதல் பௌத்த நெறிக்கு ஒவ்வாது என்ற வாதமே அம்முடிவின் பின்னணியாகப் பரவலாகச் சுட்டப்படுகின்றது. அதன் பொருளாதார விளைவுகள் மீன்வள அறிஞர்களால் ஓரளவு ஆராயப்பட்டுள்ளன. ஆனால் அதற்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்ட வரலாற்றுக் கருத்து, அதாவது பௌத்த மரபும் குளத்து மீன்பிடியும் என்றும் முரண்பட்டே இருந்தன என்னும் எண்ணம், போதிய அளவு சோதிக்கப்படவில்லை. பொலன்னறுவையின் பராக்கிரம சமுத்திரத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரை அதனைச் சோதிக்க முற்படுகின்றது.

கல்வெட்டுச் சான்றுகள் இரு திசைகளில் பேசுகின்றன. கிறித்துவுக்குப் பிந்திய முதலிரு நூற்றாண்டுகளைச் சேர்ந்த இலங்கைப் பிராமிக் கல்வெட்டுகளில், விகாரைகளுக்கு அளிக்கப்பட்ட வருவாய்களுள் 'தகபதி' என்னும் நீர்ப் பங்கும் 'மஜிபக' என்னும் மீன் பங்கும் இடம்பெறுகின்றன. 'மச்ச பாகம்' என்பதன் திரிபே மஜிபக. பங்கு என்று ஒன்று இருந்தால் பிடித்தவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும்; பிடிபட்டதை அளந்து பிரிக்கும் ஒழுங்கும் இருந்திருக்க வேண்டும். பிக்குகள் மீன் பிடித்தனர் என்பது இதன் பொருளன்று. குளத்தில் உரிமை பெற்றோர் நெல்லுக்குப் பாயும் நீரிலிருந்தும் அந்நீரில் வளரும் மீனிலிருந்தும் ஒருசேர வருவாய் கொண்டனர் என்பதும், அவ்வருவாயைச் சங்கத்துக்கு அளிப்பது அறமாகவே கருதப்பட்டது என்பதும் இதனாற் பெறப்படும். தமிழகத்துச் சோழர்காலக் கல்வெட்டுகளில் வரும் 'மீன்பாட்டம்' இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஆங்கு ஏரி மீனின் குத்தகை வருவாய் பெரும்பாலும் அதே ஏரியைக் குழிகுத்தித் தூர் அகற்றும் பணிக்கே ஒதுக்கப்பட்டது. இலங்கையில் அது விகாரைக்குச் சென்றது. இரண்டிடத்தும் மீன் என்பது குளத்தின் விளைச்சல்.

மறுபுறம், நிசங்கமல்லன் (1187–1196) அனுராதபுரத்தில் பொறிப்பித்த கல்வெட்டு, நகரைச் சுற்றி உயிர்க்கொலையைப் பறையறைந்து தடைசெய்ததையும் பன்னிரண்டு பெருங்குளங்களின் மீன்களுக்கு அபயம் அளித்ததையும் கூறுகின்றது. பறவை பிடிப்போருக்குப் பொன்னும் ஆடையும் கொடுத்து அத்தொழிலிலிருந்து விலக்கியதாகவும் அது சொல்லும். இதனை 1990இன் முன்னோடியாகக் காட்டுவது எளிது. எனினும் அபயம் அளிக்கவேண்டிய தேவை எழுந்தது என்பதே அக்குளங்களில் மீன்பிடி நடந்ததற்குச் சான்றாகும். மேலும், பறவை பிடிப்போரின் வாழ்வுக்கு ஈடு கொடுத்த பின்னரே மன்னன் தடை விதித்தான் என்ற செய்தியை, அவனை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் கடந்துசெல்கின்றனர்.

எனவே மரபு ஒன்றன்று, இரண்டு. எதனை மரபெனத் தெரிந்துகொள்வது என்பது ஒவ்வொரு காலத்தின் அரசியலைச் சார்ந்தது.

இனி, குளத்தை நோக்குவோம். முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) அம்பன் கங்கையின் நீரைத் திருப்பி உருவாக்கிய இந்நீர்த்தேக்கம் பொலன்னறுவையின் வீழ்ச்சிக்குப் பின் உடைந்து நூற்றாண்டுக்கணக்கில் காடு மண்டிக் கிடந்தது. 20ஆம் நூற்றாண்டில் குடியேற்றத் திட்டங்களுடன் மீளக் கட்டப்பட்டது. ஏறத்தாழ 2,500 ஹெக்டேர் பரப்புடைய, ஆழங்குறைந்த நீர்நிலை அது. பழைமையின் அடையாளமாகப் போற்றப்படினும், உயிரியல் நோக்கில் அது புதிய குளமே. இலங்கையில் இயற்கையான பெரிய ஏரிகள் இல்லை. ஆகவே இத்தீவின் நன்னீர் மீன்கள் ஆற்றுக்கும் சதுப்புக்கும் பழகியவை. விரால், கெளுத்தி, சிறு கெண்டை இனங்கள் ஆகியவை பெரிதும் கரையோரத்தையும் ஆற்று வாயில்களையும் சார்ந்தே நின்றன. நடுக்குளத்தின் திறந்த நீரில் செறிந்த நுண்பாசியையும் அடியில் படிந்த மட்கையும் உண்டு பெருகக்கூடிய பெரிய மீன் ஏதுமில்லை.

அவ்வெற்றிடத்தை 1952இல் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மீனான மொசாம்பிக் திலாப்பியா நிரப்பியது. (அதே ஆண்டில் மண்டபத்திற்கும் வந்த இம்மீன் தமிழகத்தில் 'ஜிலேபிக் கெண்டை' ஆயிற்று. அறியாப் பெயரை அறிந்த இனிப்பாக மாற்றிய மக்கள் நாவை மொழியியலாளர் கவனித்தல் தகும்.) ஆழங்குறைந்த கரைகளில் குழி பறித்து முட்டையிட்டு, முட்டையையும் குஞ்சையும் தாய் தன் வாயிலேயே காக்கும் இயல்புடையதாதலின், குஞ்சு விடுவார் இன்றியும் இது பெருகும். இந்தியப் பெருங்கெண்டைகள் அவ்வாறல்ல. கட்லா, ரோகு முதலியவற்றைக் குளத்தில் காணவேண்டுமாயின் குஞ்சு பொரிப்பு நிலையத்திலிருந்து தொடர்ந்து விடவேண்டும்.

திலாப்பியாவின் பெருக்கத்தைத் தொடர்ந்தே குளத்து மீன்பிடி ஒரு முழுநேரத் தொழிலாயிற்று. தொடக்ககால மீனவருட் பலர் மேற்குக் கரையோரத்திலிருந்து வந்த கத்தோலிக்கர். உழவர் குடியேற்றத்தில் அவர்களுக்கு நிலமுமில்லை, நீர் முகாமைக் குழுக்களில் குரலுமில்லை. 1990இன் முடிவு எதிர்ப்பின்றி நிறைவேறியமைக்கு இச்சமூக நிலை ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

1970களின் பிற்பகுதியிலிருந்து படகு, வலை ஆகியவற்றுக்கு மானியம் வழங்கப்பட்டது. குஞ்சு பொரிப்பு நிலையங்கள் நிறுவப்பட்டன. 1980களின் முடிவில் நாட்டின் உள்நாட்டு மீன் உற்பத்தி ஆண்டுக்கு 40,000 தொன்னை நெருங்கியது. இக்காலத்திலேயே பராக்கிரம சமுத்திரம் உலக நீரியலாளரின் கவனத்தைப் பெற்றது. 1983இல் ஷீமர் பதிப்பித்த தொகுதி இன்றும் அடிப்படை நூலாகும். நீர்க்காகங்கள் உண்ணும் மீனின் அளவை மதிப்பிட்ட ஆய்வும் அதில் உண்டு. நிசங்கமல்லனின் அபயம் பறவைகளைக் கட்டுப்படுத்தியிராது என்பதை நினைவூட்டும் ஆய்வு அது.

1990இல் மானியம் நின்றது. பொரிப்பு நிலையங்கள் கைமாறின. கண்காணிப்பு அலுவலர் விலக்கப்பட்டனர். ஆனால் மீன்பிடி நிற்கவில்லை. அரசு விலகியது மீன்களிடமிருந்து அன்று, விதிகளிடமிருந்தே. சிறுகண் வலைகளும், நீரை அடித்து மீனை வலைக்கு விரட்டும் முறையும் பெருகின. முதிராத திலாப்பியாக்கள் மிகுதியாகப் பிடிபட்டன. உயிர்க்கொலை குறையவேண்டும் என்ற நோக்கில் எடுக்கப்பட்ட முடிவு, ஒரே எடை மீனுக்கு முன்னினும் அதிக உயிர்களைக் கொல்லச் செய்தது. குஞ்சு விடுதல் நின்றதால் பெருங்கெண்டைகள் அருகின. தானே பெருகும் திலாப்பியா மட்டும் தாக்குப்பிடித்தது.

அக்காலப் புள்ளிவிவரங்கள் உற்பத்தி மிகக் கடுமையாக வீழ்ந்ததைக் காட்டுகின்றன. அவற்றை அப்படியே ஏற்றல் கூடாது. எண்ணிப் பதிந்த அலுவலரும் விலக்கப்பட்ட அதே அமைப்பின் ஆட்களே. எண்ணுவார் இல்லாதபோது எண்ணிக்கை குறைதல் இயல்பு. வட, கிழக்குக் குளங்கள் போர்ச்சூழலில் இருந்தமையும் கருதத்தக்கது. ஆதலின் வீழ்ச்சியின் அளவைக் காட்டிலும், பிடிபட்ட மீனின் பருமனும் வலைக்கண்ணின் அளவும் சுருங்கியமையே நம்பத்தகு சான்றுகளாம்.

1994இல் ஆட்சி மாறியபின் ஆதரவு மீண்டது. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை உருவாயிற்று. 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணுடைய செவுள் வலைக்குத் தடை வலியுறுத்தப்பட்டது. இத்தடையிலும் ஒரு சிக்கல் உண்டு. கரையோரச் சிறு கெண்டைகளைத் திலாப்பியாக் குஞ்சுகளுக்கு ஊறின்றிச் சிறுகண் வலையாற் பிடிக்க இயலும் என 1980களிலேயே ஆய்வாளர் காட்டியிருந்தனர். இடமும் பருவமும் வகுத்து அதற்கு இசைவளிக்கும் நுட்பமான விதி, விதிகளே அற்றுப்போன நான்காண்டுகளின் அனுபவத்துக்குப் பின் நிர்வாகத்தாரின் ஏற்பைப் பெறுதல் அரிதாயிற்று.