சாப்பாட்டு மேஜையில் ஒரு பரீட்சை

1951 டிசம்பர். லீட்ஸ் நகரத்துல கசாப்புக்கடை வச்சிருந்தவரோட மகன், ஸ்காலர்ஷிப் பரீட்சை எழுத கேம்பிரிட்ஜ் போறான். தங்கல் சிட்னி சசெக்ஸ் கல்லூரியிலேயே. பேரு ஆலன் பென்னட். பின்னாளில் பெரிய நாடக ஆசிரியர்.

கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு ரெண்டுலயும் அப்போ இதான் வழக்கம். இடம் கேட்டு வர்ற பையன் கல்லூரிக்குள்ளேயே ராத்தங்கணும், பெரிய கூடத்துல எல்லாரோடும் சாப்பிடணும். கேள்வித்தாள் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆனா சாப்பாட்டு மேஜை? அங்கதான் மக்களே விஷயமே இருக்கு.

பணக்காரத் தனியார் பள்ளிப் பசங்க (அதுக்கு அந்த ஊர்ல பேரு 'பப்ளிக் ஸ்கூல்', என்ன கணக்கோ! :-)) ஒருத்தரையொருத்தர் முன்னமே தெரிஞ்ச மாதிரி உரக்கப் பேசிக்கிட்டு, அள்ளி அள்ளிச் சாப்பிட்டாங்களாம். அதைப் பார்த்து ஆடிப்போனதை 'தி ஹிஸ்டரி பாய்ஸ்' (2004) நாடகப் புத்தகத்தோட முன்னுரையில பென்னட் எழுதியிருக்கார். இத்தனைக்கும் அவருக்கு அங்க இடம் கிடைச்சது! ஆனா கட்டாய ராணுவ சேவைக்கு அப்புறம் அவர் போய்ச் சேர்ந்தது ஆக்ஸ்ஃபோர்டு எக்ஸிட்டர் கல்லூரியில.

ஆக்ஸ்ஃபோர்டுல நேர்முகத்தேர்வுக்காக ராத்தங்குறது 2019 டிசம்பர் வரை நடந்துச்சு. படுக்கை, சாப்பாடு இலவசம். 2020ல கொரோனா வந்ததும் எல்லாம் கணினித் திரைக்கு மாறிடுச்சு. கொரோனா போயும் பழைய வழக்கம் திரும்பல.

இப்ப பிள்ளைங்க வீட்டுலேருந்தே பதில் சொல்றாங்க. முள்கரண்டியை எந்தக் கையில பிடிக்கிறதுன்னு யாரும் முழிக்க வேண்டாம். எனக்கு அது நல்லதாத்தான் படுது. ஆனா அந்தக் கூடத்துல ஒரு ராத்திரி சாப்பிட்டுப் பார்த்துட்டு, 'இது நமக்கு ஆகாது'ன்னு பிள்ளை முடிவு பண்ண ஒரு வழி இருந்துச்சே, அது போச்சு. நீங்க என்ன சொல்றீங்க?