யூசெப் லத்தீப்

யூசெப் லத்தீப் (அக்டோபர் 9, 1920 – டிசம்பர் 23, 2013) ஓர் அமெரிக்க சாக்சபோன் கலைஞர், இசையமைப்பாளர், கல்வியாளர். டெனர் சாக்சபோன் இவரது முதன்மைக் கருவியாகும். புல்லாங்குழல், ஓபோ, பசூன் ஆகியவற்றையும் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் பல துளைக்கருவிகளையும் இவர் வாசித்தார். இவரைப் பற்றிய நூல்களும் இதழ்களும் ஜாஸ் கலைஞர் என்றே இவரைக் குறிப்பிடுகின்றன. ஆனால் அச்சொல்லைத் தன் இசைக்கு வழங்குவதை இவர் ஏற்கவில்லை. நன்கு அறியப்பட்ட மேடைக் கலைஞரான பின்னர், 48 ஆவது அகவையில் இளங்கலைப் பட்டமும் 1975 இல் முனைவர் பட்டமும் பெற்று, 2002 வரை பல்கலைக்கழக ஆசிரியராகப் பணியாற்றினார்.

இளமையும் பெயர் மாற்றமும்

லத்தீப் டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரில் பிறந்தார். இயற்பெயர் வில்லியம் இமானுவேல் ஹடில்ஸ்டன். 1925 இல் இவரது குடும்பம் டெட்ராய்ட்டில் குடியேறியது. வாகனத் தொழிற்சாலைகளில் வேலை தேடித் தென் மாநிலங்களிலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் வந்து குவிந்த நகரம் அது. மில்ட் ஜாக்சன், பால் சேம்பர்ஸ், கென்னி பரெல், எல்வின் ஜோன்ஸ் எனப் பின்னாளில் புகழ்பெற்ற பலர் அந்நகரின் இசைச் சூழலில் உருவானவர்கள். லத்தீப் தன் 18 ஆவது அகவையில் ஆல்ட்டோ சாக்சபோன் வாசிக்கத் தொடங்கி, பின்னர் டெனருக்கு மாறினார்.

தந்தை குடும்பப் பெயரை எவன்ஸ் என மாற்றிக்கொண்டதால், தொடக்க கால மேடைகளில் இவர் பில் எவன்ஸ் என அறியப்பட்டார். இதே பெயருடைய புகழ்பெற்ற பியானோ கலைஞர் வேறொருவர். 1940களின் இறுதியில் அகமதியா முஸ்லிம் இயக்கத்தில் இணைந்து யூசெப் லத்தீப் என்னும் பெயரை ஏற்றார். பீபாப் இசையின் முன்னோடிகளுள் ஒருவரான டிசி கில்லெஸ்பியின் பெரிய இசைக்குழுவில் 1949 இல் வாசித்தார்.

மனைவியின் உடல்நலக் குறைவால் 1950 இல் டெட்ராய்ட் திரும்பிய லத்தீப், வெயின் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இசையமைப்பும் புல்லாங்குழலும் பயின்றார். குடும்பச் செலவுக்காக கிரைஸ்லர் வாகனத் தொழிற்சாலையிலும் வேலை செய்தார்.

கருவிகளும் இசையும்

1957 இல் சவோய் நிறுவனத்திற்காக இவரது குழு பதிவு செய்த இசைத்தட்டுகளே இவரைத் தனித்து அடையாளம் காட்டின. தொடர்ந்து இசைப்பதிவு செய்ய வேண்டுமானால் தன் இசையின் எல்லையை விரிவாக்க வேண்டும் என உணர்ந்த லத்தீப், டெட்ராய்ட் நூலகத்தில் அமர்ந்து பிற நாடுகளின் இசையைப் பற்றிப் படித்தார். சிரியா நாட்டவர் ஒருவரிடமிருந்து ரபாப் என்னும் அரபு நரம்புக்கருவியைப் பற்றி அறிந்து, ஒன்றைத் தாமே செய்தார். குழுவின் டபுள் பாஸ் கலைஞர் எர்னி ஃபாரோ அதைப் பதிவில் வாசித்தார். எகிப்திய இரட்டைக் குழலான அர்குலையும் இந்தியாவின் செனாயையும் லத்தீப் பயன்படுத்தினார்.

இவற்றுள் ஓபோவில் இவர் செய்த பணி தனியாகக் குறிப்பிடத்தக்கது. சாக்சபோனின் ஒலி ஒற்றைச் சீவாளியால் பிறப்பது. ஓபோ, நாதசுவரத்தைப் போல, இரட்டைச் சீவாளி உடையது. மேற்கத்திய செவ்விசைக் குழுக்களுக்கு உரிய கருவியாகவே அது கருதப்பட்டது. ஜாஸ் மேடைகளில் அதைக் காண்பது மிக அரிது. லத்தீப் அதில் கறுப்பின மக்களின் புளூஸ் இசையை வாசித்தார். சுரங்களை வளைத்தும் இழைத்தும் செல்லும் அவ்வாசிப்பு, நாதசுவரம் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்நியமாக இராது.

1961 செப்டம்பரில் பதிவு செய்யப்பட்ட ஈஸ்டர்ன் சவுண்ட்ஸ் இவரது மிகவும் அறியப்பட்ட தொகுப்பாகும். அதில் பேரி ஹாரிஸ் பியானோவும், எர்னி ஃபாரோ டபுள் பாஸ், ரபாப் ஆகியவையும், லெக்ஸ் ஹம்ஃப்ரீஸ் டிரம்ஸும் வாசித்தனர். தி பிளம் பிளாசம் என்னும் முதல் உருப்படியில் லத்தீப் வாசிப்பது சுன் என்னும் சீன மண்குழல். சில சுரங்களை மட்டுமே எழுப்பக்கூடிய அக்கருவியில் ஒரு முழு புளூஸ் மெட்டையே அமைத்திருக்கிறார். ஸ்பார்ட்டகஸ் திரைப்படத்தின் காதல் இசையை அதே தொகுப்பில் ஓபோவில் கேட்கலாம். ராக் இசையில் சிதார் பரவியது இதற்குச் சில ஆண்டுகள் கழித்தே. மேலும், லத்தீப் கிழக்கத்திய இசையை அப்படியே நகல் செய்ய முயலவில்லை. அதன் ஒலிகளைத் தன் புளூசுக்குள் கொண்டுவந்தார்.

1962 முதல் 1964 வரை கேனன்பால் ஆடர்லியின் அறுவர் குழுவில் வாசித்தார். பின்னர் இம்பல்ஸ், அட்லாண்டிக் நிறுவனங்களுக்காகப் பல தொகுப்புகளை வெளியிட்டார். ஜான் கோல்ட்ரேன் இவருடைய நெருங்கிய நண்பர். சுரங்களின் உறவுகளை வட்டமாக வரைந்து கோல்ட்ரேன் இவருக்களித்த படம், இவர் 1981 இல் வெளியிட்ட சுரவரிசை நூலில் இடம்பெற்றுள்ளது. பல்வேறு சுரவரிசைகளையும் மெட்டமைப்புகளையும் திரட்டித் தரும் அந்நூல் இசை மாணவர்களிடையே பெரிதும் பயன்படுகிறது.

"ஜாஸ்" என்னும் சொல்

அகராதிகளில் இச்சொல்லுக்குத் தரப்பட்டுள்ள இழிவான பொருள்களை லத்தீப் சுட்டிக்காட்டினார். பிதற்றல், பாலுறவு முதலிய பொருள்களும் அவற்றுள் உண்டு. ஒரு மக்களின் உழைப்பிலும் துன்பத்திலும் பிறந்த கலையை இப்படி ஒரு சொல்லால் அழைப்பது தகாது என்பது இவரது வாதம். மாற்றாக ஆட்டோபிசியோசைக்கிக் இசை என்னும் தொடரை உருவாக்கினார். ஒருவரது உடல், மனம், ஆன்மா ஆகிய மூன்றிலிருந்தும் வெளிப்படும் இசை என்பது அதன் பொருள். இத்தொடர் வாயில் எளிதாக நுழைவதில்லை. பொது வழக்குக்கும் வரவில்லை. எனினும் இவர் தன் வகுப்புகளில் இப்பெயரிலேயே இசையைக் கற்பித்தார்.

1957 ஆம் ஆண்டு இசைத்தட்டுகளின் தலைப்புகளிலேயே ஜாஸ் என்னும் சொல் உள்ளது என்பதையும் இங்கு நோக்க வேண்டும். பெயரை மறுக்கும் நிலைப்பாடு காலப்போக்கில் உறுதிப்பட்ட ஒன்று. 1980களின் தொடக்கம் முதல், மது விற்கப்படும் விடுதிகளில் வாசிப்பதையும் இவர் கைவிட்டார். இரவு விடுதிகளே இத்துறையினரின் முதன்மை வருமான வழியாக இருந்த நிலையில் இது எளிய முடிவு அன்று. ஆசிரியப் பணி இருந்ததால் மட்டுமே இம்முடிவு நடைமுறையில் இயலக்கூடியதாயிற்று எனலாம்.

கல்விப் பணி

லத்தீப் மன்ஹாட்டன் இசைப்பள்ளியில் 1969 இல் இளங்கலைப் பட்டமும், 1970 இல் இசைக்கல்வியில் முதுகலைப் பட்டமும் பெற்று, அங்கேயே ஆசிரியரானார். பரோ ஆஃப் மன்ஹாட்டன் சமுதாயக் கல்லூரியில் இணைப் பேராசிரியராகவும் இருந்தார். ஆம்ஹெர்ஸ்ட்டிலுள்ள மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகம் 1975 இல் இவருக்குக் கல்வியியலில் முனைவர் பட்டம் வழங்கியது. ஆய்வேடு இசையைப் பற்றியது அன்று. மேற்கத்திய, இசுலாமியக் கல்வி முறைகளைப் பற்றியது.

1981 முதல் 1985 வரை நைஜீரியாவின் சாரியா நகரிலுள்ள அகமது பெல்லோ பல்கலைக்கழகத்தில் முதுநிலை ஆய்வாளராகப் பணியாற்றி, சரேவா என்னும் குழலை ஆராய்ந்தார். டெட்ராய்ட் நூலகத்தில் ஏடுகள் வழியே தொடங்கிய தேடல், கருவி வாசிக்கப்படும் மண்ணுக்கே இவரைக் கொண்டு சென்றது.

நாடு திரும்பிய பின் தன்னை முனைவராக்கிய மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியரானார். டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச், சாக்சபோன் கலைஞர் ஆர்ச்சி ஷெப் ஆகியோர் அங்கு ஏற்கெனவே பணியில் இருந்தனர். கறுப்பின இசையை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பாடமாக ஏற்கத் தொடங்கிய காலத்தில், அவ்விருவரும் மேடைப் புகழுக்காக அழைக்கப்பட்டவர்கள். லத்தீப்போ முறையான ஆய்வுப் பட்டத்தோடும் வந்தவர். அருகிலுள்ள கல்லூரிகளிலும் வகுப்புகள் எடுத்த இவர் 2002 இல் ஓய்வு பெற்றார்.

பிற்காலப் படைப்புகளும் விருதுகளும்

1987 இல் வெளியான லிட்டில் சிம்பொனி தொகுப்பில் எல்லாக் கருவிகளையும் லத்தீப் தாமே வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு அது நியூ ஏஜ் பிரிவில் கிராமி விருது பெற்றது. ஒரு முத்திரையை மறுத்தவருக்கு வேறொரு முத்திரையின் கீழ் விருது கிடைத்தது!

1992 இல் ஒய்.ஏ.எல். என்னும் சொந்த இசைப்பதிவு நிறுவனத்தைத் தொடங்கினார். தாள இசைக்கலைஞர் ஆடம் ருடால்ஃப் இக்காலத்தில் இவருடன் தொடர்ந்து பணியாற்றினார். 1993 இல் ஜெர்மனியின் கொலோன் வானொலி இசைக்குழுவுடன் பதிவு செய்த ஆப்பிரிக்க அமெரிக்கன் எபிக் சூட், கறுப்பின மக்களின் 400 ஆண்டு அடிமை வரலாற்றை நான்கு பகுதிகளில் சொல்லும் பெரும் படைப்பாகும். புனைகதைகளும் எழுதியுள்ளார். தன்வரலாறு 2006 இல் வெளிவந்தது.

2010 ஆம் ஆண்டுக்கான ஜாஸ் மாஸ்டர் விருதை அமெரிக்க அரசின் தேசியக் கலைகள் அறக்கட்டளை இவருக்கு வழங்கியது. விருதின் பெயரில் ஜாஸ் என்னும் சொல் இருந்தபோதும் லத்தீப் அதைப் பெற்றுக்கொண்டார். ஆம்ஹெர்ஸ்ட்டுக்கு அருகிலுள்ள ஷூட்ஸ்பரியில் தன் இல்லத்தில் 93 ஆவது அகவையில் காலமானார்.