சுருங்கை, சுரங்கம், மைன்ஸ்

கோலார் தங்கவயலில் ‘சுரங்கம்’ எழுத்தில் உண்டு, பேச்சில் குறைவு. வடஆற்காடு, சேலம் பக்கமிருந்து பிழைக்கப் போன தமிழ்க் குடும்பங்களின் வாயில் அது ‘மைன்ஸ்’தான்.

சுரங்கத்தின் பழைய வடிவம் சுருங்கை. சிலப்பதிகாரத்து மதுரையில் அது யானைகள் கூட்டமாகப் போய்வரும் மறைவழி. மணிமேகலையிலோ வடிகால்: பெண்கள் கூந்தல் கழுவிய வாசநீர் அதன் வழியாக வஞ்சியின் அகழிக்குப் போகிறது. ‘சுருங்கு’ என்ற வினையோடு முடிச்சுப் போடத் தோன்றும். ஆனால் யானை நுழைகிற வழி எப்படிச் சுருங்கியதாகும்? கிரேக்கத்தில் குழலுக்கு ‘சிரிங்க்ஸ்’ என்று பெயர். கோட்டையைப் பிடிக்கத் தோண்டும் வழிக்கும் அதுவே பெயரானது. வடமொழியில் ‘சுருங்கா’ ஆகி, அர்த்தசாஸ்திரத்தில் அரண்மனையின் கள்ளவழியாக நிற்கிறது. தமிழுக்கு அங்கிருந்து வந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. காசர்கோடு, தென்கன்னடப் பக்கம் இன்றைக்கும் சுரங்கம் என்றால் மலைச்சரிவில் படுக்கைவாட்டில் குடைந்த நீரூற்று.

தங்கவயலில் 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபின் தோண்டியது வேறு வகை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் சுடும். அழுத்தம் தாளாமல் சில நேரம் பாறை வெடித்துச் சிதறும். மேலே லைன் வீடுகளில் தரை அதிரும், அடுக்கிய பாத்திரம் உருளும். இறங்கியிருப்பது யார் ஷிப்ட் என்பதுதான் அப்போது முதல் கேள்வி.

அப்படிப்பட்ட ஊரில்தான், மாரிக்குப்பத்தில், அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கக் கிளை 1907இல் தொடங்கியது. பண்டிதரும் சொல்லாராய்ச்சிக்காரர்தான். தீபாவளி பௌத்த முன்னோர் எள்ளெண்ணெய் கண்டறிந்ததன் நினைவு, கார்த்திகை தீபம் ஆமணக்கெண்ணெய் கண்டறிந்ததன் நினைவு என்று எழுதினார். அவருடைய வேர்ச்சொற்கள் பல மொழியியலாரிடம் தேறாது. ஆனால் தீண்டாமையால் ஊரைவிட்டு வந்து, நாளைக்கு ஏறி வருவோமா என்று தெரியாமல் இறங்குகிறவருக்கு, தலையில் தேய்க்கும் எண்ணெய் உன் முன்னோர் கண்டது என்று ஒருவர் சொன்னால் அந்தக் குளியலே வேறாகிவிடும். இலக்கணத்தைக் கொண்டு இதை அளப்பது வீண். 1914இல் பண்டிதர் மறைந்தார். அவர் நடத்தி, பின் நின்றுபோன ‘தமிழன்’ இதழை 1926இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மீண்டும் கொண்டுவந்தார். பண்டிதரின் நூல்களை அவ்வூர் சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டுக் காத்தது.

2001 பிப்ரவரி 28 அன்று மைன்ஸ் மூடப்பட்டது. நீர் இறைக்க ஆளில்லாமல் ஆழத்து வழிகள் முழுகிவிட்டன.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் சுருங்கையும் இருக்கிறது, சுரங்கமும் இருக்கிறது. கருவிக்கும் பாறைக்கும் வெடிப்புக்கும் கீழே புழங்கிய பெயர்கள் அங்கே வேலை செய்தவர்களிடம்தான் இருக்கின்றன. அவர்களில் பலர் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். தங்கவயலில் தாத்தாவோ பெரியப்பாவோ இருக்கிறவர்கள் ஒரு நோட்டோடு போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.