வட்டையும் பட்டையும்

பார வண்டியைப் படத்தில் மட்டுமே கண்ட பிள்ளைகள் இன்று நம் இல்லங்களில் வளர்கின்றனர். வண்டி மறைவதில் வியப்பில்லை. அதனுடன் ஒரு தொழில் நுட்பமும் அதற்குரிய சொற்களும் மறைகின்றன என்பதே நாம் எண்ண வேண்டியது.

அச்சொற்களின் பழமைக்குச் சங்க நூல்களே சான்று. உப்பு வணிகராகிய உமணரின் வண்டியைப் பெரும்பாணாற்றுப்படை உறுப்பு உறுப்பாக வருணிக்கின்றது. வட்டை அங்கே சூட்டு எனப்படுகிறது. ஆர்க்கால், ஆரம் எனப்படுகிறது. முழு மரத்தாலான உருளிக்கு முழவு உவமையாகின்றது. புறநானூற்றில் ஔவையார், வழியில் அச்சு முறியக்கூடும் என்றஞ்சி உமணர் வண்டிக்கடியில் கட்டிச் சென்ற சேம அச்சினை அதியமான் மகனுக்கு உவமையாக்குகிறார். வண்டியோட்டியின் கவலையை அறிந்த புலவர் அவர்!

சக்கரத்தின் நடுவே குடம். குடத்தில் செருகிய ஆர்க்கால்கள். அவற்றின் மறுமுனைகளைத் தாங்கும் வளைந்த வட்டைகள். பெரும்பாலும் ஒரு வட்டைக்கு இரண்டு ஆர்க்கால். கருவேல மரம் இதற்குப் பெயர் பெற்றது. தச்சர் இவை யாவற்றையும் பொருத்திய பின்னும் வட்டைக்கும் வட்டைக்கும் இடையே மெல்லிய இடைவெளி விடுவார். இதனைக் குறை என்று எண்ணுவோர் கொல்லரின் வேலையை அறியாதவர்.

கொல்லர் சக்கரத்தின் சுற்றளவை அளந்து, அதனினும் சற்றுக் குறைவாகவே இரும்புப் பட்டையை வளைத்து இணைப்பார். குளிர்ந்த நிலையில் அது சக்கரத்தில் ஏறாது. வரட்டியும் விறகும் அடுக்கித் தீ மூட்டிப் பட்டையைக் காய்ச்சுவர். 5 அடி விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 15 அடி 8 அங்குலம். 500 டிகிரி வெப்பத்தில் அத்துணை நீளமுள்ள இரும்பு ஓர் அங்குலத்திற்கு மேல் நீளும். அந்த ஓர் அங்குலமே தொழிலின் உயிர். செந்தணலாய்க் காய்ந்த பட்டையைக் குறடுகளால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்கிச் சம்மட்டியால் தட்டுவர், மரம் புகையும், உடனே நீர் ஊற்றுவர். இரும்பு சுருங்கும்போது வட்டைகள் நெருங்கி இடைவெளி மூடும். ஆர்க்கால்கள் குடத்தினுள் இறுகும். பட்டை மிகச் சிறிதாயின் ஆர்க்கால் வளையும். பெரிதாயின் கோடையில் மரம் உலரக் கழன்றுவிடும். தச்சரும் கொல்லரும் ஒருவர் அளவை ஒருவர் நம்பாவிடில் சக்கரம் இல்லை.

மரத்தைக் காத்த அப்பட்டையே சாலைக்குப் பகையாயிற்று. மோட்டார் வண்டிகள் பெருகி, 1927-இல் ஜெயகர் குழு நாட்டின் சாலை வளர்ச்சியை ஆராயப் புகுந்த அக்காலத்தில், குறுகிய இரும்பு விளிம்பு சாலையை அறுக்கிறது என்பது பொறியாளரின் நீங்காக் குறையாக இருந்தது. பின்னர்க் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரம் வந்தது. 1970-களில் பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராயிருந்த என்.எஸ். ராமஸ்வாமி, காளைகளின் துன்பம் குறைய வண்டியைச் சீர்திருத்த வேண்டுமென வாதாடினார். அவ்வாதம் நேரியதே, வாயற்ற பிராணியின் கழுத்தை மறந்து பழமை பாராட்டுதல் தகாது.

எனினும் சொற்களையேனும் காக்கலாம். விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்கள் முதிய தச்சரையோ கொல்லரையோ கண்டால், சக்கரத்தின் உறுப்புகளுக்கு அவ்வூரில் வழங்கும் பெயர்களை அவர் வாய்மொழியாகவே எழுதி வருக. ஊருக்கு ஊர் அவை வேறுபடும்.