எந்த ஒளிக்கு? பிரீமேசன் நுழைவுச் சடங்கின் அடையாளங்கள்

“சாமி, அங்கேயும் விவிலியம் வைக்கிறார்கள், ஏழைகளுக்கு உதவுகிறார்கள். பிரீமேசன் சங்கத்தில் சேர்ந்தால் என்ன தவறு?” இது பங்குகளில் அவ்வப்போது நம்மிடம் கேட்கப்படும் கேள்வி. சங்கத்தின் நுழைவுச் சடங்கைப் பார்த்தாலே விடை கிடைக்கும்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் உருப்பெற்ற இவ்வமைப்பு, கட்டடக் கல்தச்சர்களின் கருவிகளையே தன் அடையாளங்களாக எடுத்துக்கொண்டது. உறுப்பினர் கூடும் குழுவுக்கு ‘லாட்ஜ்’ என்று பெயர். (நம் ஊர்த் தங்கும் விடுதி அல்ல, கல்தச்சர்கள் கூடிய கொட்டகை.) பயிலுநர், தோழர், தலைவர் என அதில் மூன்று படிகள் உண்டு.

ஆங்கிலேய மரபில், முதல் படிக்கு வருபவரிடமிருந்து காசு, மோதிரம் போன்ற உலோகப் பொருள்களை வாங்கிவிடுவர். இடது மார்பும் முழங்காலும் திறந்திருக்கும். கண்களைக் கட்டி, கழுத்தில் கயிறு மாட்டி உள்ளே அழைத்துச் செல்வர். அவர் இருளில் இருப்பவர் என்பது பொருள். மண்டியிட்டு, திருநூல்மீது கைவைத்து, இரகசியம் காப்பதாக ஆணையிடுவார். மீறினால் குரல்வளை அறுக்கப்படும் என்ற பழைய வாசகத்தை இங்கிலாந்துத் தலைமை லாட்ஜ் 1986இல்தான் ஆணையிலிருந்து நீக்கியது. அதன்பின் “என்ன விரும்புகிறீர்?” என்று கேட்பார்கள். “ஒளி” என்பார். கட்டு அவிழும். திருநூல், மூலைமட்டம், கவராயம் ஆகிய மூன்றும் கண்முன் இருக்கும். பிறகு வெண்ணிற ஆட்டுத்தோல் ஏப்ரன் அணிவிப்பர்.

ஓர் அழகான பகுதியும் உண்டு. புதியவரிடம் தர்மம் கேட்பார்கள்; கொடுக்க அவரிடம் காசு இராது. ஏழையைக் காணும்போது இந்த நிலையை நினைத்துக்கொள் என்பார்கள். இதில் நமக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் படியில் அவர் ஈராம் என்ற கைவினைஞராக நடிக்கிறார். இரகசியத்தைக் காட்டிக்கொடுக்காததால் கொல்லப்பட்டு, கல்லறையிலிருந்து தூக்கி நிறுத்தப்படுகிறார். 1 அரசர் 7ஆம் அதிகாரத்தில் சாலமோனின் கோவிலுக்கு வெண்கல வேலை செய்த, கைம்பெண்ணின் மகன் ஈராம் வருகிறார்; அந்தக் கொலை அங்கில்லை.

இருள், ஒளி, வெண்ணிற ஆடை, இறப்பு, எழுச்சி. நாம் எங்கே பார்த்தோம் இவற்றை? திருமுழுக்கில். பாஸ்கா திரியில் ஏற்றிய மெழுகுதிரியும் வெள்ளை ஆடையும் நமக்கு ஏற்கெனவே தரப்பட்டுவிட்டன. கிறிஸ்துவோடு அடக்கம் செய்யப்பட்டோம் என்று பவுல் உரோமையருக்கு எழுதுகிறார். அப்படிப்பட்டவர் மறுபடி தம்மை இருளில் இருப்பவராக அறிவித்து, வேறொருவரிடம் ஒளி கேட்கலாமா? மேலும், திருமுழுக்கு வாக்குறுதிகள் சபை முன்னிலையில், கேள்வி பதிலாக, வெளிப்படையாக எடுக்கப்படுகின்றன. அங்கோ கண் கட்டியிருக்கும்போதே ஆணை, பார்வை பிறகுதான்.

ஆறாண்டு உரையாடலில் மூன்று படிகளின் சடங்குகளையும் ஆராய்ந்த ஜெர்மானிய ஆயர்கள், அவை அருளடையாளத்தை ஒத்த தன்மை கொண்டவை என 1980இல் கூறினார்கள். சாத்தான் வழிபாடு என்ற வதந்தி வேறு. அதைப் பரப்பிய லியோ டாக்சில், எல்லாம் தம் கட்டுக்கதையே என்று 1897இல் பாரிசில் ஒப்புக்கொண்டார். அதை நாம் மீண்டும் பரப்ப வேண்டாம்.

1738இல் திருத்தந்தை 12ஆம் கிளமெண்ட் விதித்த தடை இன்றும் நீங்கவில்லை. உறுப்பினராவோர் கனமான பாவத்தில் இருக்கிறார்கள், நற்கருணை பெற இயலாது என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1983 நவம்பர் 26 அன்று அறிவித்தது. பிலிப்பீன்சின் துமாகெத்தே ஆயர் கேட்டபோது, 2023 நவம்பரிலும் உரோமை அதையே உறுதிப்படுத்தியது. தெரியாமல் சேர்ந்துவிட்டவர்கள் தயங்காமல் பங்குத்தந்தையிடம் பேசலாம். விலகி, ஒப்புரவு அருளடையாளம் பெற்றபின் திருவிருந்துக்கு வரலாம்.