கொரிந்தியர் நிருபங்களும் தோர்னக்கல் அத்தியட்சரும்

வேதநாயகம் சாமுவேல் அசரியா அத்தியட்சரைப் பற்றி நெல்லைத் திருமண்டலத்தாருக்கு நான் என்ன புதிதாகச் சொல்லிவிட முடியும்? வெள்ளாளன்விளை, குருவானவரான தகப்பனார், ஒய்எம்சிஏ நாட்கள், 1903இல் தோன்றிய இந்திய மிஷனெரி சங்கம் எல்லாம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். அவற்றை விட்டுவிட்டு, பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டு நிருபங்களைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய ஊழியத்தைப் பார்க்கிறேன். அவர் அந்த நிருபங்களைப் படித்தவர் மட்டுமல்லர், சபை நடத்தும் சட்டமாகவே வைத்திருந்தவர் என்பது என் எண்ணம்.

1910 எடின்பரோ மாநாட்டு உரையை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். ஆஸ்தியையும் சரீரத்தையும் கொடுத்தும் அன்பில்லாவிட்டால் வீண் என்கிற முதல் நிருபம் 13ஆம் அதிகாரத்து வசனத்தை மேல்நாட்டு மிஷனெரிமாரின் முகத்துக்கு நேரே வைத்து, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அப்போது அவருக்கு 35 வயது. புகழ்பெற்ற பேச்சுதான், ஆனாலும் அது பேச்சு. அவர் செய்து காட்டியதெல்லாம் தோர்னக்கலில்.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். தோர்னக்கலைச் சுற்றிய நிஜாம் ராஜ்யத்துக் கிராமங்களில் மாலர், மாதிகர் என்று ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட மக்களிடம் அவர்களுடைய தெலுங்கிலேயே பேசினார். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலைமேல் கையை வைத்துக்கொள்ளச் சொல்வார். சுவிசேஷத்தை அறிவிக்காமற்போனால் தனக்குக் கேடு என்று பவுல் எழுதியதை (முதல் நிருபம் 9:16) அவர்கள் ஒவ்வொருவரும் தம் வாயால் சொல்ல வேண்டும். படிப்பறியாத கூலியாளுக்கும் அப்போஸ்தலனுக்குரிய கடமை! மேல்நாட்டு அத்தியட்சர்களில் எத்தனை பேருக்கு இந்தத் துணிவு வந்திருக்கும்? அவர் காலத்திலேயே தோர்னக்கல் திருமண்டலத்தின் விசுவாசிகள் 2 லட்சத்தைத் தாண்டினார்கள்.

இரண்டாம் நிருபம் 8ஆம் அதிகாரம் எனக்கு மிகவும் பிரியமான பகுதி. மக்கெதோனியா சபையார் கொடிய தரித்திரத்திலும் தங்கள் திராணிக்கு மிஞ்சிக் கொடுத்தார்கள் என்று பவுல் அங்கே மெச்சுகிறார். வசதி வந்தபின் கொடுக்கலாம் என்ற சாக்குக்கு அங்கே இடமே இல்லை. உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்த தோர்னக்கல் பெண்கள் அந்த அதிகாரத்தைக் கடைப்பிடித்தவர்கள். கிறிஸ்தவர்கள் கொடுப்பதைப் பற்றி அத்தியட்சர் ஒரு நூலே எழுதினார்.

குவிமாடமும் மினாரும் கோயில் தூணும் ஒன்றாய்ச் சேர்ந்த தோர்னக்கல் பேராலயம் 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டையானது. 1945 புத்தாண்டு நாளில் அத்தியட்சர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் பாடுபட்ட தென்னிந்தியத் திருச்சபை ஐக்கியம் 1947 செப்டம்பரில் நிறைவேறியது.

நம் சேகரங்களுக்கு ஒரு விண்ணப்பம்: லெந்து நாட்களில் பெண்கள் ஐக்கியத்தார் இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தை வசனம் வசனமாகத் தியானியுங்கள். கொடுப்பதைப் பற்றிய அத்தியட்சரின் நூலைத் தேடி எடுத்து, வாலிபர் கையிலும் கொடுங்கள்.